ஒரே வரியில் இரண்டு நேரம்: பேக்டெஸ்ட்டில் மட்டும் ஜெயித்த ஒரு லைவ் மாடல்

ஆட்ஸ் மார்க்கெட்டில், அதாவது விளையாட்டுப் பந்தய விலைகளில், மாடல் வைத்து டிரேடிங் செய்யும் ஒரு சிறிய குழுவில் டேட்டா இன்ஜினியராக இருந்தபோது நடந்தது இது. பழைய டேட்டாவில் ஓட்டிப் பார்க்கும் பேக்டெஸ்ட்டில் லாபம் காட்டிய மாடல், நிஜ மார்க்கெட்டில் நட்டம் காட்டியது. பணம் போனது, நான்கு மாத வேலை போனது. காரணம் கடைசியில் ஒரு டேபிளின் ஒரே வரியில் தெரிந்தது. அந்த டேபிளை வடிவமைத்தது நான்தான். இதே வேலையில் இருப்பவர்கள் தங்கள் டேபிளை ஒருமுறை திறந்து பார்க்கட்டும் என்பதற்காக விவரமாகவே எழுதுகிறேன்.

பின்னணி

2000-இல் தொடங்கிய பெட்ஃபேர் போன்ற பந்தய எக்ஸ்சேஞ்சுகளில் நமக்கு எதிரே இருப்பவர் இன்னொரு வாடிக்கையாளர். ஒரு முடிவு நடக்கும் என்று பணம் வைப்பது பேக். நடக்காது என்று அதை ஏற்றுக்கொள்வது லே. வெல்லும் தொகையில் எக்ஸ்சேஞ்ச் கமிஷன் எடுத்துக்கொள்ளும். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது நாம் அனுப்பும் ஆர்டர் உடனே புக்கில் (காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியலில்) சேராது, சில விநாடி நிறுத்தி வைக்கப்படும். நாங்கள் வேலை செய்த மார்க்கெட்டுகளில் அந்தத் தாமதம் 5 விநாடி. கோல், சிவப்பு அட்டை, பெனால்டி போன்றவை நடந்தால் மார்க்கெட்டையே நிறுத்திவிடுவார்கள். மேட்ச் ஆகாத, அதாவது எதிரே ஆள் கிடைக்காத, ஆர்டர்கள் ரத்தாகிவிடும்.

எங்கள் மாடல் ஃபுட்பாலுக்கானது. 1982-இல் மாஹெர் என்பவரும் 1997-இல் டிக்சன், கோல்ஸ் என்ற இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து வளர்ந்த பாய்சான் வழிதான் அடிப்படை: இரு அணிக்கும் ஒரு கோல் வேகம், அதிலிருந்து ஒவ்வொரு ஸ்கோருக்கும் நிகழ்தகவு. லைவில் மீதமுள்ள நேரத்துக்கு ஏற்ப அந்த வேகத்தைச் சுருக்குவோம். அதன்மேல் மைதானத்திலிருந்து வரும் நிகழ்வு ஃபீட்டை வைத்துத் திருத்தம் செய்வோம்: காயம், மாற்று வீரர், அட்டை, ஷாட். இந்த ஃபீட்டை வெளியே ஒரு நிறுவனத்திடம் வாங்கினோம். எக்ஸ்சேஞ்சின் விலை ஃபீட் தனி. இரண்டையும் வாங்கி, நேரத்தால் பொருத்தி, மாடலுக்கும் பேக்டெஸ்ட்டுக்கும் கொடுப்பது என் வேலை.

பேக்டெஸ்ட்டில் 100 யூனிட் புரண்டால் 3 யூனிட்டுக்கு மேல் லாபம் காட்டியது. கமிஷனும் கழித்தாயிற்று, 5 விநாடித் தாமதமும் சேர்த்தாயிற்று. இந்தத் தொழிலில் அது மிக நல்ல எண். லைவில் ஆறு வாரம் ஓடிய பிறகு 100-க்கு ஒரு யூனிட் நட்டத்தில் நின்றோம். ஆறு வாரம் என்பது குறைந்த காலம், அதிர்ஷ்டம் சரியில்லாமலும் இருக்கலாம் என்று முதலில் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

முதலில் சந்தேகப்பட்டவை

கடிகாரம்தான் முதல் சந்தேகம். சர்வர்கள் எல்லாம் கடிகாரங்களைச் சரிசெய்யும் என்.டி.பி. முறையில் ஒத்திசைந்திருந்தன, வித்தியாசம் சில மில்லிவிநாடி. கோடைக்கால நேர மாற்றத்தில் ஒரு மணி நேரம் பிசகியிருக்குமோ என்று ஐரோப்பாவில் கடிகாரத்தை மாற்றும் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளைத் தனியாகப் பார்த்தேன். எல்லாம் கோடையிலும் மாறாத உலகப் பொது நேரமான யு.டி.சி.யில்தான் இருந்தது, பிசகு இல்லை.

அடுத்து பெயர்ப் பொருத்தம். வெளியிலிருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றும். எங்கள் வேலையில் பாதி இதுதான். லிவர்பூல் என்றால் எல்லோருக்கும் இங்கிலாந்துதான் நினைவுக்கு வரும். உருகுவேயின் மான்டெவிடியோவிலும் ஒரு லிவர்பூல் இருக்கிறது. சிலியின் வினா டெல் மாரில் ஓர் எவர்ட்டன், அர்ஜென்டினாவின் சரந்தியில் ஓர் அர்செனல், ஈக்வடாரின் குவாயாகிலில் ஒரு பார்சிலோனா. போதாததற்குப் பெண்கள் அணியும் 21 வயதுக்குட்பட்ட அணியும் அதே சுருக்கப் பெயரில் ஃபீட்டில் வரும். இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். சில நட்பு ஆட்டங்கள் தவறான அணியோடு இணைந்திருந்தன. அவற்றில் நாங்கள் ஆர்டர் போட்டதே இல்லை.

மூன்றாவது ஆர்டர் புக். எக்ஸ்சேஞ்சின் ஸ்ட்ரீம் முதலில் புக்கின் முழுப் படத்தை அனுப்பும், பிறகு மாற்றங்களை மட்டும். ஒரு விலைக்கு அளவு பூஜ்யம் என்று வந்தால் அந்த விலையை நீக்க வேண்டும். முழுப் படம் என்ற குறியோடு ஒரு மெசேஜ் வந்தால், கையிலிருக்கும் புக்கைத் தூக்கியெறிந்துவிட்டு இதையே வைத்துக்கொள்ள வேண்டும். இதில் ஏதாவது ஒன்றைக் கோட்டைவிட்டால் இல்லாத விலை இருப்பதுபோல் தெரியும். எங்கள் புரோகிராம் மூன்றையும் சரியாகவே செய்தது.

இதிலேயே மூன்று வாரம் போயிற்று. அந்த வரிசையிலேயே தேடியிருக்கக்கூடாது என்று இப்போது நினைக்கிறேன். பழக்கமான பிழைகளை முதலில் தேடினேன், ஆர்டர்களையே நேராகப் பார்ப்பதைத் தள்ளிப்போட்டேன்.

படம்

கடைசியில் செய்தது இதுதான். ஒவ்வொரு ஆர்டரும் மேட்ச் ஆன கணத்தைப் பூஜ்யமாக வைத்து, அதற்கு முன்னும் பின்னும் 180 விநாடிக்கு விலை எப்படி நகர்ந்தது என்று வரைந்தேன். பேக்டெஸ்ட் ஆர்டர்களின் சராசரி ஒரு கோடு, லைவ் ஆர்டர்களின் சராசரி இன்னொரு கோடு.

பேக்டெஸ்ட் கோடு பூஜ்யம் வரை தட்டையாக வந்து, அதன்பிறகு எங்களுக்குச் சாதகமாக ஏறியது. லைவ் கோடு அதே ஏற்றத்தைப் பூஜ்யத்துக்கு முன்பே முடித்துவிட்டு, பிறகு தட்டையாகப் போனது. இரண்டும் ஒரே வடிவம், ஒரே உயரம். ஒன்றை மற்றொன்றின் மேல் நகர்த்தி வைத்தால் பொருந்தும். மாடல் சொன்ன திசை சரியாகத்தான் இருந்தது. மார்க்கெட் நகர்ந்து முடித்த பிறகு நாங்கள் போய்ச் சேர்ந்திருக்கிறோம். பேக்டெஸ்ட்டிலோ எல்லோருக்கும் முன்னால் நின்றிருக்கிறோம்.

அதிர்ஷ்டம் சரியில்லை என்றால் கோடு இப்படி வராது. நிகழ்வு வகை வாரியாகப் பிரித்தேன். ஷாட், அட்டைகளில் வித்தியாசம் குறைவு. காயத்தில் மிக அதிகம்.

அந்த ஒரு வரி

ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு மெசேஜ் மெசேஜாகப் படித்தேன். சொந்த மைதான அணி 1-0 என்று முன்னிலையில் இருக்கிறது. 60 நிமிடம் கடந்ததும் ஒரு காயம். எங்கள் டேபிளில் அது ஒரே வரி: நேரம் 21:17:08, வகை காயம், வீரர் கோல்கீப்பர், முடிவு வெளியேற்றம்.

ஃபீட்டிலிருந்து வந்த மூல மெசேஜ்களைத் தேடியெடுத்தேன். அங்கே மூன்று இருந்தன. 21:17:08-இல் வந்த முதல் மெசேஜில் காயத்தால் ஆட்டம் நின்றது என்று மட்டும் இருக்கிறது. வீரர் என்ற இடம் காலி. 21:17:51-இல் அதே நிகழ்வு எண்ணோடு இரண்டாவது: வீரர், கோல்கீப்பர். 21:19:33-இல் மூன்றாவது: வெளியேற்றம்.

எங்கள் டேபிள் அப்சர்ட் முறையில் எழுதப்பட்டது. நிகழ்வு எண் புதிதென்றால் சேர்க்கும், ஏற்கெனவே இருந்தால் மற்ற நிரல்களை (வரியின் மற்ற கட்டங்களை) புதுப்பிக்கும். நேர நிரலை மட்டும் தொடாது. நிகழ்வு எப்போது தொடங்கியது என்று காட்ட அதுதான் சரி என்று நினைத்து அப்படி எழுதினேன். ஆக, அந்த வரியின் நேரம் முதல் மெசேஜுடையது, உள்ளடக்கம் கடைசி மெசேஜுடையது. அப்படி ஒரு தகவல் எந்தக் கணத்திலும் யார் கையிலும் இருந்ததில்லை.

மாடலை எழுதியவரைக் கூப்பிட்டு ஸ்கிரீனைக் காட்டினேன்.

“இந்த ஒரு வரியைப் பாருங்க. நேரம் முதல் மெசேஜோடது. வீரர் யாருங்கிறது ரெண்டாவதுல வந்தது. வெளியேறினார்ங்கிறது மூணாவதுல.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ கோல்கீப்பர் போறார்னு என் மாடலுக்கு ரெண்டரை நிமிஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு” என்றார்.

“பேக்டெஸ்ட்ல மட்டும்.”

இரண்டரை நிமிடத்துக்கு என்ன மதிப்பு என்று அன்றே கணக்குப் போட்டோம். மீதமுள்ள அரை மணிக்குச் சொந்த அணியின் எதிர்பார்ப்பு 0.50 கோல், எதிரணிக்கு 0.367. இனி கோலே விழாமல் இருக்க நிகழ்தகவு 42%, நியாயமான ஆட்ஸ் 2.38 (1-ஐ 0.42-ஆல் வகுத்தது). ஸ்கோர் 1-0 என்பதால், மொத்தக் கோல் 1.5-க்குக் கீழ் (ஒரு கோலுக்கு மேல் விழாது) என்ற மார்க்கெட்டின் விலையும் அதுதான். கோல்கீப்பர் வெளியேறினால் எதிரணியின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்பது மாடலின் கணிப்பு: 0.44. இப்போது நிகழ்தகவு 39.1%, ஆட்ஸ் 2.56.

பேக்டெஸ்ட் 21:17:08-இல் ஆர்டர் அனுப்பி, 5 விநாடி காத்து, 2.38-இல் லே செய்தது. எதிரே இருப்பவர் வைக்கும் 100 யூனிட்டுக்கு எதிர்பார்ப்பு லாபம் ஏறக்குறைய 7. லைவில் மூன்றாவது மெசேஜ் வந்து ஆர்டர் போகும்போது மார்க்கெட் 2.54-க்கு ஏறிவிட்டது. அங்கே லே செய்தால் எதிர்பார்ப்பு 0.8. வெல்லும் தொகையில் 2% கமிஷன் என்றால்கூட அது 1.2 தின்றுவிடும். அதே நிகழ்வு, அதே மாடல், திசையும் சரி. ஒன்றில் 7, இன்னொன்றில் நட்டம்.

மார்க்கெட்டை நகர்த்தியவர்கள் யார்? மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், வேகமான படம் பார்த்தவர்கள், கோல்கீப்பர் தரையில் கிடப்பதைக் கண்ணால் பார்த்தவர்கள். வீரர் என்ற இடம் காலியாக இருந்த அந்த 43 விநாடியில் அவர்கள் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள்.

ரத்தான கோல்கள்

ஒரு நூலை இழுத்ததும் இன்னொன்று வந்தது. வீடியோ பார்த்து நடுவரின் முடிவைச் சரிபார்க்கும் வி.ஏ.ஆர். முறை 2018-இல் ஆட்ட விதிகளில் சேர்ந்தது. பிரீமியர் லீக்கில் 2019-20 சீசனிலிருந்து இருக்கிறது. ரத்தான கோலுக்கு எங்கள் டேபிளில் நிலை ரத்து என்று மாறும். பேக்டெஸ்ட் படிக்கும் வியூவோ (டேபிளின் ஒரு வடிகட்டிய தோற்றம்) ரத்தான வரிகளை வடிகட்டிவிடும். சுத்தமான டேட்டா வேண்டும் என்று கேட்டதால் வைத்த வடிகட்டி அது.

அதன் விளைவு, பேக்டெஸ்ட்டின் உலகத்தில் ரத்தான கோல் என்று ஒன்று நடந்ததே இல்லை. லைவில் நடந்தது. கோல் மெசேஜ் வரும், மார்க்கெட் நிற்கும், எங்கள் ஸ்கோர் 1-0 ஆகும். பரிசோதனை முடிந்து கோல் இல்லை என்றானதும் மார்க்கெட் 0-0 விலையில் திறக்கும். ரத்து மெசேஜ் எங்களுக்குச் சில விநாடி தாமதமாக வந்தால், மாடலின் கண்ணுக்கு அது தங்கச் சுரங்கம்: கையில் 1-0, எதிரே 0-0 விலை. அனுமதித்த உச்ச அளவுக்கு ஆர்டர் போடும். ஆறு வாரத்தில் இப்படி நடந்தது சில முறைதான். நட்டத்தில் பெரிய துண்டு அந்தச் சில முறைகளில்தான் இருந்தது.

இதற்கு உடனடியாக ஒரு தடை போட்டோம்: மாடலுக்கும் மார்க்கெட்டுக்கும் இடையே வித்தியாசம் ஓர் எல்லையைத் தாண்டினால் ஆர்டர் போகாது. இதை முதல் நாளே வைத்திருக்க வேண்டும். பேக்டெஸ்ட்டில் அந்த நிலைமை ஒருமுறைகூட வராததால் யாருக்கும் அது தேவை என்று தோன்றவில்லை.

டேபிள் தப்பா, பயன்படுத்தியது தப்பா

அந்த டேபிளை முதலில் கட்டியது டிரேடர்கள் பார்க்கும் திரைக்காக. இப்போது ஆட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு அப்சர்ட் சரியான வழிதான், இன்றும் அதற்கு அதையே பயன்படுத்துவேன். பேக்டெஸ்ட்டுக்குச் சீக்கிரம் டேட்டா வேண்டும் என்று கேட்டபோது, தயாராக இருந்த அதையே படிக்க அனுமதி கொடுத்தேன். அந்த அனுமதியைக் கொடுத்த நாள்தான் பிழை பிறந்த நாள். திரைக்கு வேண்டியது கடைசி நிலை. பேக்டெஸ்ட்டுக்கு வேண்டியது அந்தக் கணத்தில் கையில் இருந்த நிலை. நிரல்களின் பெயர் ஒன்றாக இருந்ததால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட்டேன்.

எது மீளும், எது மீளாது

மூல மெசேஜ்கள் காஃப்கா என்ற மெசேஜ் கடத்தும் மென்பொருளில் வந்துகொண்டிருந்தன. அதன் இயல்பான தக்கவைப்புக் காலம் 168 மணி நேரம், அதாவது ஏழு நாள். முதல் இரண்டு சீசன்களில் அதை யாரும் மாற்றவில்லை. பிறகு வேறொரு காரணத்துக்காக எல்லா மெசேஜையும் அப்படியே சுருக்கி ஃபைலாகச் சேமிக்கத் தொடங்கியிருந்தோம். அதனால் கடைசி பதினோரு மாதத்துக்கு மட்டும் மூலம் இருந்தது. அதற்கு முந்தையவை ஏழு நாளில் அழிந்தவை.

பழைய இரண்டு சீசனை விட மாடல் எழுதியவருக்கு மனமில்லை. பதினோரு மாத டேட்டாவில் தாமதம் எப்படிப் பரவியிருக்கிறது என்று அளந்து, பழைய வரிகளின் நேரத்தை அதே அளவு தள்ளிவைக்கலாமே என்றார். நல்ல யோசனை என்றே நானும் முதலில் நினைத்தேன். உட்கார்ந்து யோசித்தபோது ஒப்புக்கொள்ள முடியவில்லை. நேரத்தைத் தள்ளலாம். இடையில் இருந்த நிலையை எப்படிக் கொண்டுவருவது? அந்தக் கோல்கீப்பர் ஆட்டத்தில், முதல் மெசேஜுக்கும் இரண்டாவதுக்கும் இடையே மாடல் ‘யாரோ ஒருவருக்குக் காயம்’ என்று மட்டும் பார்த்திருக்கும், அதற்கும் ஏதோ ஓர் ஆர்டர் போட்டிருக்கும். தவறாக அடையாளம் காணப்பட்டு, பிறகு திருத்தப்பட்ட வீரர்கள் எத்தனை பேர்? அந்தத் தவறுகள் டேபிளில் தடமே இல்லாமல் போய்விட்டன. இல்லாததை எவ்வளவு தள்ளிவைத்தாலும் அது வந்துவிடாது.

முடிவாக, பழைய சீசன்களை லைவ் மாடலுக்கு முழுவதும் ஒதுக்கினோம். ஆட்டத்துக்கு முந்தைய மாடலுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். இறுதி ஸ்கோரும் கோல் அடித்த நிமிடமும் அங்கே போதும், அவை திருத்தப்பட்டிருப்பது அங்கே நல்லதும்கூட.

திரும்பக் கட்டியது

புதிய அமைப்பில் மூல மெசேஜ் சேர்க்க மட்டுமே முடியும். திருத்தவும் நீக்கவும் யாருக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. ஒவ்வொரு மெசேஜிலும் மூன்று நேரங்கள்: மைதானத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் நேரம், ஃபீட் நிறுவனம் வெளியிட்ட நேரம், எங்கள் சர்வர் பெற்ற நேரம். மாடலுக்குப் போகும் எந்தக் கணக்கும் மூன்றாவதை வைத்துத்தான். விலை ஃபீட்டோடு பொருத்துவதும் அதை வைத்தே. டேட்டாபேஸ் மொழியான எஸ்.கியூ.எல்.-இன் 2011-ஆம் ஆண்டு தரத்திலேயே வரிகளின் பழைய நிலைகளைக் காலத்தோடு காக்கும் டேபிள்கள் உண்டு. இந்தச் சிந்தனை புதியது ஒன்றுமில்லை. நாங்கள் அந்த வசதியை எடுக்காமல் பார்க்கே என்ற வடிவ ஃபைல்களில் வைத்தோம், பெற்ற தேதி வாரியாகப் பிரித்து. ஆட்டத் தேதி வாரியாகப் பிரித்தால், நள்ளிரவுக்குப் பிறகு வரும் திருத்தம் முந்தைய நாளின் ஃபைலுக்குள் நுழைந்து, மூடிய பெட்டியைத் திரும்பத் திறக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு டெஸ்ட். தோராயமாக ஒரு கணத்தை எடுத்துக்கொள்ளும். அந்தக் கணத்துக்குப் பிறகு பெற்ற எல்லா மெசேஜையும் நிஜமாகவே நீக்கிவிட்ட ஒரு நகலில் மாடலின் உள்ளீடுகளைக் கணக்கிடும். பிறகு முழு டேட்டாவை வைத்துக்கொண்டு, அதே கணத்துக்கான உள்ளீடுகளை வழக்கமான வழியில் கேட்கும். இரண்டும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்க வேண்டும். எங்கேயாவது எதிர்காலம் கசிந்தால் எண்கள் மாறும். புரோகிராமின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இதை ஆயிரம் கணங்களுக்கு ஓட்டுகிறோம். முதல் வாரத்திலேயே இன்னொரு கசிவைப் பிடித்தது: கூடுதல் நேரம் எத்தனை நிமிடம் என்பதை ஆட்டத்தின் மொத்த நீளத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு கணக்கு. ஆட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்று 80-ஆம் நிமிடத்திலேயே அதற்குத் தெரிந்திருந்தது.

லைவுக்கும் பேக்டெஸ்ட்டுக்கும் இப்போது ஒரே புரோகிராம்தான். மெசேஜ்கள் நெட்வொர்க்கிலிருந்து வருகின்றனவா, ஃபைலிலிருந்து வருகின்றனவா என்பது அதற்குத் தெரியாது. தினமும் காலையில் முந்தைய நாளை ரீப்ளே செய்து, லைவில் போன ஆர்டர்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவோம். முதலில் சில ஆர்டர்கள் வேறுபட்டன. விலையும் நிகழ்வும் ஒரே மில்லிவிநாடியில் வரும்போது எது முந்தியது என்று ஃபைலில் தெரியாததுதான் காரணம். இரண்டு ஃபீட்டும் நுழையும் இடத்தில் ஒரே தொடர் எண் கொடுக்கத் தொடங்கியதும் அது தீர்ந்தது.

பிறகு

பதினோரு மாத டேட்டாவில் புதிய பேக்டெஸ்ட்டை ஓட்டினோம். 3 யூனிட் லாபம், பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே போய் நின்றது. லைவில் கண்ட நட்டத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. காயம் சார்ந்த ஆர்டர்களை நிறுத்திவிட்டோம். நான்கு மாத வேலை அன்றோடு மூடப்பட்டது. மாடல் எழுதியவர் அந்தக் கோப்புறையை அழிக்கவில்லை, பெயரை மட்டும் மாற்றி வைத்தார்.

இப்போது அவர் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வீரர் என்ற இடம் காலியாக வரும் முதல் மெசேஜை மட்டும் வைத்து, எந்த அணி, எவ்வளவு நேரமாக ஆட்டம் நின்றிருக்கிறது, அந்த விநாடிகளில் விலை எப்படி நடுங்குகிறது என்பதைக் கொண்டு ஏதாவது சொல்ல முடியுமா என்று. அந்தக் காலி இடம் பழைய டேபிளில் இருந்ததே இல்லை. புதிய மாடல் ரீப்ளேயிலும் லைவிலும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிறது, என்ன செய்திருக்கும் என்பதை மட்டும் பதிவு செய்கிறது. ஆர்டர் அனுப்ப அதற்கு இன்னும் அனுமதி இல்லை.